பலராமன் சார் கையில் வளையல்

எங்கள் கல்லூரியின் இணையக் கல்வித் தளத்தில் கணக்குப் பாடத்துக்கென்று நிறைய வீடியோக்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தொடங்கும்போது நீல நிறத்தில் ஓர் அட்டை வரும். 'வழங்குபவர்: முனைவர் பலராமன், தலைவர், டிஜிட்டல் கற்றல் மையம்' என்று அதில் இருக்கும். அட்டை மறைந்ததும் ஒரு வெள்ளைத்தாள் தெரியும். தாளின் மேல் ஒரு கை வரும். அந்தக் கையில் பச்சைக் கண்ணாடி வளையல். கை நகரும்போதெல்லாம் வளையல் தரையில் பட்டு 'கிளிங்' என்று சத்தம் வரும். ஒரு பெண் குரல், "இந்த வரியை நல்லா பாருங்க, இங்கதான் எல்லாரும் சறுக்குவீங்க" என்று சொல்லும்.

பலராமன் சாரை நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும், அவர் வளையல் போடுகிற ஆள் இல்லை. கணக்குப் போடுகிற ஆளும் இல்லை. அவர் வணிகவியல்.

கல்லூரியில் சேர்ந்த புதிதில் அந்த வீடியோக்களைப் பார்த்துத்தான் எனக்கு இன்டக்ரேஷன் புரிந்தது. பள்ளிக்கூடத்தில் இரண்டு வருடம் மனப்பாடம் செய்தும் புரியாதது அந்தக் கை எழுதிக் காட்டியதும் புரிந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் அது யாருடைய கை என்று சீனியர்களிடம் கேட்க ஆரம்பித்தேன். கேட்கக் கேட்க எங்கள் கல்லூரி மேல் இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் போய்விட்டது. அந்தக் கைக்குச் சொந்தக்காரரைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

அவர் பெயர் வினோதினி. கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில் நெல்லும் மல்லாட்டை என்கிற நிலக்கடலையும் போடுகிற குடும்பம். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவர். கணக்கில் எம்.எஸ்சி. முடித்து, விரிவுரையாளர் தகுதித் தேர்வும் எழுதித் தேறியவர். எங்கள் கல்லூரியில் பெரிய பெரிய அறைகளில் உட்கார்ந்திருக்கிற பலர் அந்தத் தேர்வின் பக்கமே போனதில்லை என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். கணவர் மூர்த்திக்கு கீழ்பென்னாத்தூரில் ஒரு டிராக்டர் உதிரிபாகக் கடையில் வேலை. வினோதினி தினமும் பஸ் பிடித்துக் கல்லூரிக்கு வருவார். வருடா வருடம் ஒப்பந்தம். ஒவ்வொரு ஜூனிலும் கூப்பிடுவார்களா மாட்டார்களா என்று காத்திருக்கிற வேலை.

ஊரடங்கு நாட்களில்தான் அவர் வீடியோ எடுக்கப் பழகினார். நடுவில் ஓட்டை இருக்கிற பிளாஸ்டிக் ஸ்டூல் எல்லார் வீட்டிலும் இருக்குமே, அதுதான் அவருடைய ஸ்டுடியோ. ஸ்டூல் மேல் போனைப் படுக்க வைத்து, கேமராவை ஓட்டைக்கு நேராகப் பொருத்துவார். கீழே தரையில் தாள். அவர் தரையில் உட்கார்ந்து ஸ்டூல் கால்களுக்கு நடுவே கையை நீட்டிக் கணக்கைப் போட்டுக் காட்டுவார். அதனால்தான் எந்த வீடியோவிலும் முகம் இல்லை, கை மட்டும் இருக்கிறது. கிராமத்தில் சிக்னல் கம்மி என்பதால் ஒவ்வொன்றையும் சின்னதாக எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார். பிள்ளைகள் மாடு மேய்த்துக்கொண்டே பார்க்கலாம், வயலில் களை எடுத்துவிட்டு வந்தும் பார்க்கலாம்.

கல்லூரி அந்தத் தளத்தை வாங்கியபோது உண்மையிலேயே சந்தோஷப்பட்டவர் அவர் ஒருவர்தான் என்று சொல்கிறார்கள். மற்றவர்கள் கடவுச்சொல்லைத் தாளில் எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டு மறந்துபோனார்கள். வினோதினி தன் வீடியோக்கள் எல்லாவற்றையும் அதில் ஏற்றினார். தளத்தில் 'சந்தேகம்' என்று ஒரு பகுதி உண்டு. வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைகள் அதில் எழுத ஆரம்பித்தார்கள். இன்டக்ரேஷன் விடைக்குப் பின்னால் எதற்கு அந்த 'சி' போடுகிறோம், போடாவிட்டால் மார்க் குறையுமா என்று ஒரு பையன் கேட்டிருக்கிறான். அதற்கு அவர் பதிவு செய்து போட்ட குரலை நானே கேட்டேன்.

"ஏரியில தண்ணி எவ்ளோ ஏறுதுனு மட்டும் உனக்குத் தெரியும். நீ வந்து பாக்கறதுக்கு முன்னாடி அதுல எவ்ளோ தண்ணி கெடந்துச்சுனு தெரியுமா? தெரியாது இல்ல? அந்தத் தெரியாததுக்குத்தான் சி-னு பேரு. போடலனா மார்க் போவும்னு பயந்து போடாத. தெரியாததை ஒத்துக்கணும்னு போடு."

இதை நான் ஹாஸ்டல் மொட்டைமாடியில் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். 

இப்போது பலராமன் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு இதில் உற்சாகமே இல்லை. இருந்தாலும் சொல்கிறேன்.

அந்தத் தளம் ஆசிரியர்களுக்கு ஆந்தை கொடுக்கும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வகுப்புகள் முடிந்ததாகப் பதிவாகப் பதிவாக, திரையில் பெயருக்குப் பக்கத்தில் ஓர் ஆந்தைப் படம் வரும். முதலில் வெண்கல ஆந்தை, அப்புறம் வெள்ளி, தங்கம், கடைசியில் வைர ஆந்தை. ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர், கார் வைத்திருக்கிறவர், தன் தங்க ஆந்தையை அச்செடுத்து, சட்டம் போட்டு, அறையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். ஊதுவத்திப் புகை இரண்டுக்கும் போகும். ஒப்பந்த ஆசிரியர்களின் அடுத்த வருட வேலையும் ஆந்தையைப் பொறுத்தது என்று நிர்வாகத்திடம் பேசி ஒரு விதியும் கொண்டுவந்துவிட்டார்.

அவருடைய மூளையில் உதித்த இன்னொரு விஷயம் 'பௌர்ணமி ஆன்லைன் நாள்'.

பௌர்ணமி வந்தால் எங்கள் ஊர் எப்படி இருக்கும் என்று தெரியாதவர்கள் யார்? கிரிவலத்துக்கு லட்சக்கணக்கில் ஜனம் இறங்கும். பஸ்ஸையெல்லாம் ஊருக்கு வெளியே நிறுத்திவிடுவார்கள். வெளியூர்ப் பிள்ளைகள் கல்லூரிக்கு வரமுடியாது. முன்பெல்லாம் அன்றைக்கு அரை நாள் விட்டுவிட்டு இன்னொரு சனிக்கிழமை வகுப்பு வைப்பார்கள். பலராமன் சார் அதை மாற்றினார். பஸ் ஓடாவிட்டால் என்ன, போன் ஓடுமே என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த மனிதருக்கு ஒரு விஷயம் தோன்றவில்லை. கிரிவலம் வருகிற ஒவ்வொருவர் கையிலும் ஒரு போன் இருக்கிறது. மலையோடு செல்ஃபி எடுக்கிறார்கள், கோபுரத்தை அம்மாவுக்கு வீடியோ காலில் காட்டுகிறார்கள். அன்றைக்கு மத்தியானத்துக்கு மேல் ஊரில் ஒரு மெசேஜ்கூடப் போகாது. கிராமத்திலோ எப்போதுமே சிக்னல் கம்மி. முக்கால்வாசிப் பிள்ளைகளுக்கு வகுப்பு வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும், திறக்காது.

முதல் பௌர்ணமியிலேயே இது தெரிந்துவிட்டது. திட்டத்தைக் கைவிட்டால் மானம் போகும் என்பதால் பலராமன் சார் வேறு வழி கண்டுபிடித்தார். அவர் வகுப்பின் பிரதிநிதி சிந்துஜா, எனக்கு இதையெல்லாம் சொன்ன சீனியர்களில் ஒருத்தி. அவளுடைய அம்மா ஜோதியம்மாள் ரமணாசிரமம் பக்கத்தில் வெள்ளைக்காரர்கள் வந்து உட்காரும் ஒரு கஃபேயில் சமையல் வேலை பார்க்கிறார். அங்கே கம்பி வழியாக வருகிற வைஃபை. ஊரே செத்துக் கிடந்தாலும் அது ஓடும். வகுப்பில் எல்லாருடைய கடவுச்சொல்லையும் வாங்கிக்கொண்டு, பௌர்ணமி அன்று அந்தக் கஃபேயில் உட்கார்ந்து எல்லாருக்கும் வருகை போட்டுவிடும்படி சிந்துஜாவிடம் சொன்னார். மற்ற வகுப்புகளும் அதையே செய்ய ஆரம்பித்தன. பௌர்ணமிதோறும் நாலைந்து பெண்கள் அங்கே ஒரு மூலையில் உட்கார்ந்து, ஆள் மாற்றி ஆள் உள்ளே நுழைந்து, கையுயர்த்தும் பொத்தானை அழுத்தி, வெளியே வந்து, மறுபடி வேறு பெயரில் நுழைவார்கள். பக்கத்து மேசையில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிற வெள்ளைக்காரர்கள் இதை என்ன நினைத்தார்களோ தெரியாது. ஜோதியம்மாள் மட்டும் தோசைக்கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டு ஒரு தடவை கேட்டாராம்.

"இன்னாடி இது, காலேஜ்ல இதுக்குத்தான் சேத்தனா? இதை நான்கூட செய்வேனே."

வினோதினி மட்டும் இதைச் செய்யவில்லை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி அவருடைய வகுப்புக்கு நேராகச் சிவப்பில் 'நடத்தப்படவில்லை' என்று வரும். மறுநாள் நேரில் எடுத்துவிடுவார், சிவப்பு பச்சையாகும். ஆனால் நாள் தவறிய வகுப்புக்கு மதிப்பெண் பாதிதான். அதனால் அவர் வெண்கல ஆந்தையைத் தாண்டவே இல்லை.

அவர் வீம்புக்காக இப்படிச் செய்ததாகக் கல்லூரியில் சொல்லிக்கொண்டார்கள். காரணம் வேறு. தளத்தில் 'வகுப்பு முடிந்தது' என்று ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்திவிட்டால் அந்தப் பாடம் பூட்டிக்கொள்ளும், அதற்கு மறுபடி நேரம் கிடைக்காது. அழுத்தாமல் விட்டால் பாடம் திறந்தே இருக்கும், மறுநாள் கால அட்டவணையில் தானாகவே ஓர் இடம் ஒதுக்கப்பட்டுவிடும். மற்ற ஆசிரியர்கள் பௌர்ணமிதோறும் ஒரு பாடத்தை உயிரோடு புதைத்துக்கொண்டிருந்தார்கள். இவர் தன் பாடத்தைத் திறந்து வைத்திருந்தார், அவ்வளவுதான்.

பங்குனிப் பௌர்ணமி சமயத்தில் கல்லூரிக்கு மதிப்பீட்டுக் குழு வருவதாக இருந்தது. வேறு மாநிலத்துப் பேராசிரியர்கள். தேதியைத் தேர்ந்தெடுத்தது அவர்களேதான். மத்தியானம் கல்லூரி, சாயங்காலம் சிறப்பு தரிசனம், அப்புறம் கிரிவலம் என்று ஒரே பயணத்தில் புண்ணியத்தையும் பயணப்படியையும் சேர்த்து வாங்கிக்கொள்ளத் திட்டம். கல்லூரி வாசலில் பெரிய ஃப்ளெக்ஸ் கட்டினார்கள். குழுவினர் முகங்கள் சின்னதாகவும் பலராமன் சார் முகம் பெரிதாகவும் இருந்தன.

முந்தின நாள் அவர் வினோதினியைக் கூப்பிட்டார். நாளைக்குக் குழு முன்னால் பௌர்ணமி வகுப்பைத் திரையில் காட்டப் போகிறோம், ஒரு சிவப்பும் இருக்கக் கூடாது, காலையிலேயே பொத்தானை அழுத்திவிடுங்கள் என்றார். அந்தப் பேச்சை, அப்போது அந்த அறையில் இருந்த சிந்துஜா எனக்கு அப்படியே சொன்னாள்.

"ஒரு கிளிக் மேடம். ஒரே ஒரு கிளிக். அதுக்கு எதுக்கு இவ்ளோ யோசனை?"

"அழுத்திட்டா பாடம் பூட்டிக்கும் சார். நாலாவது யூனிட். கொஸ்டின் பேப்பர்ல அதுலேர்ந்துதான் ஜாஸ்தி வரும். பசங்களுக்கு எப்ப எடுக்கறது?"

"உங்க வீடியோ இருக்குல்ல, பாத்துக்குவாங்க."

"வீடியோவைப் பாத்துட்டு அவங்க கேள்வி கேப்பாங்க சார். பதில் சொல்ல ஒரு ஆள் வேணாமா?"

"ஜூன்ல உங்களுக்கு ஆர்டர் வேணுமா, வேணாமா? அதை மட்டும் சொல்லுங்க."

 மறுநாள் வினோதினி பொத்தானை அழுத்தவில்லை.

அன்றைக்கு அரங்கில் குளிர்சாதனம், முந்திரி, சாத்துக்குடி ஜூஸ். பலராமன் சார் பெரிய திரைக்கு முன்னால் நின்று தன் வகுப்பைத் திறந்தார். எல்லா மாணவர்களும் வருகை தந்துவிட்டதாகப் பச்சைப் பச்சையாகக் காட்டியது. அதோடு நிறுத்தியிருக்கலாம். பெருமை விடவில்லை. ஒவ்வொரு மாணவரும் எந்த ஊரிலிருந்து படிக்கிறார் என்பதைக்கூட எங்கள் தளம் காட்டும் என்று சொல்லி வரைபடத்தைத் திறந்தார். கீழ்பென்னாத்தூர், சேத்துப்பட்டு, கலசபாக்கம், தண்டராம்பட்டு என்று மாவட்டம் முழுக்கப் புள்ளிகள் தெரிய வேண்டும். தெரிந்தது ஒரே புள்ளி. செங்கம் ரோட்டில், ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில், பூசணிக்காய் மாதிரி ஒரு புள்ளி. மொத்தக் கல்லூரியும் அதற்குள் இருந்தது.

குழுத் தலைவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அது என்ன இடம் என்று கேட்டார்.  பலராமன் சார் ஒரு நொடிதான் தடுமாறினார். அப்புறம் குரலைத் தணித்து, பௌர்ணமி நாளில் எங்கள் மாணவர்கள் எல்லாரும் ஒரு தியான மையத்தில் ஒன்றாக உட்கார்ந்து, அந்த அமைதியில் பாடம் படிப்பது வழக்கம் என்றார்.

நாடகம் அங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. தொழில்நுட்பமும் ஆன்மிகமும் கைகோக்கிற இடத்தை இந்த நாட்டில் வேறெங்கும் பார்த்ததில்லை என்று சொல்லி, 'மற்ற கல்லூரிகள் பின்பற்ற வேண்டிய நடைமுறை' என்று அறிக்கையில் சேர்க்கச் சொன்னார். அந்த நேரத்தில் தியான மையத்தில் சிந்துஜா ஒரு கையில் பஜ்ஜியும் மறு கையில் போனுமாக, வேறு ஒருத்தியின் பெயரில் கையுயர்த்திக்கொண்டிருந்தாள்.

பட்டியலைக் கீழே தள்ளியபோது ஒரு சிவப்பு வந்தது. தலைவர் கேட்டார். வினோதினி பின்வரிசையில் எழுந்து நின்று உள்ளதைச் சொன்னார்: இன்றைக்கு ஊரில் சிக்னல் கிடைக்காது, யாராலும் வகுப்புக்குள் வரமுடியாது, நாளைக் காலையில் நேரில் எடுத்துவிடுவேன், பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். அந்த அரங்கில் அன்று சொல்லப்பட்ட ஒரே உண்மை அதுதான். தலைவர் அவரைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, நீங்கள் தொழில்நுட்பத்தோடு கொஞ்சம் பழகிக்கொள்ள வேண்டும் என்று அறிவுரை சொன்னார். ஸ்டூல் ஓட்டை வழியாகப் பாடம் எடுத்துப் பிள்ளைகளைத் தேறவைத்த பெண்ணுக்கு, வரைபடத்தில் பூசணிக்காயைப் பார்த்து அழுத மனிதர் சொன்ன அறிவுரை. பிறகு தரிசனத்துக்கு நேரமாகிவிட்டதென்று எல்லாரும் எழுந்துவிட்டார்கள்.

மறுநாள் காலை வினோதினி கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் வந்து இறங்கினார். கல்லூரிக் கதவு பூட்டியிருந்தது. குழு வந்துபோன மகிழ்ச்சியில் விடுமுறை விட்டிருந்தார்கள். அவர் வகுப்புப் பிள்ளைகள் மட்டும் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். விடுமுறைச் செய்தி அவர்களுக்கும் வந்திருந்தது, ஆனாலும் மேம் வருவார் என்று வந்திருந்தார்கள். வினோதினி போனை எடுத்துத் தளத்தைத் திறந்தார். 'உங்கள் கணக்கு செயலில் இல்லை' என்று வந்தது. வாட்ச்மேன் தயங்கித் தயங்கி வந்து, மேடத்தை இனிமேல் உள்ளே விடவேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள் என்றார். ஜூன் வரைகூடக் காத்திருக்கவில்லை.

  சிந்துஜாதான் முதலில் கேட்டாள். அவள் வினோதினியின் வகுப்பு இல்லை, விஷயம் கேள்விப்பட்டு வந்தவள்.

"மேம், நாலாவது யூனிட் இன்னா ஆவுது?"

அவர் எதிரே இருந்த பஸ் நிழற்குடையைப் பார்த்தார். போர்டு இல்லையே என்றார். பையன்கள் சுவரோரம் ஓடினார்கள். முந்தின நாள் கட்டிய ஃப்ளெக்ஸை அவிழ்த்து அங்கே போட்டிருந்தார்கள். அதைத் தூக்கிவந்து, பலராமன் சார் முகம் சுவரைப் பார்க்கும்படித் திருப்பிக் கட்டினார்கள். பின்பக்கம் வெள்ளை வெளேரென்று இருந்தது. ஒருத்தி மார்க்கர் பேனா கொடுத்தாள். நாலாவது யூனிட் அந்த நிழற்குடையில் நடந்தது. பஸ் வந்து நின்று ஹாரன் அடிக்கும், இவர்கள் ஏறவில்லை என்றதும் திட்டிவிட்டுப் போகும். சத்தம் அடங்கும்வரை பேனாவோடு காத்திருந்துவிட்டு, விட்ட வரியிலிருந்து தொடர்வாராம். அன்று அங்கே இருந்தவர்கள் நாலாவது யூனிட்டில் ஒருவர்கூடத் தவறவில்லை. நான் அங்கே இல்லையே என்று இன்னும் வருத்தமாக இருக்கிறது.

இப்போது அவர் கீழ்பென்னாத்தூரில் உரக்கடை மாடியில் போட்டித் தேர்வுக்கு வகுப்பு எடுக்கிறார். வீடியோவும் எடுக்கிறார், அதே ஸ்டூலில். எங்கள் கல்லூரியில் அவருக்குப் பதில் யாரையும் போடவில்லை. வீடியோ இருக்கும்போது ஆள் எதற்கு என்று கணக்குப் பாடத்தைப் பலராமன் சார் பெயரில் எழுதிவிட்டார்கள். நீல அட்டை அப்போது ஒட்டியதுதான். கையை மட்டும் வெட்ட முடியவில்லை, கையை வெட்டினால் கணக்கும் போய்விடும். 'சந்தேகம்' பகுதியில் எங்கள் பிள்ளைகள் இப்போது பாடத்தைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை. 'சார், வளையல் எந்தக் கடை?' 'சார், பச்சை உங்களுக்கு எடுப்பா இருக்கு.' இப்படித்தான் போகிறது.

போன மாதம் பலராமன் சார் வினோதினிக்குப் போன் செய்திருக்கிறார். அவருக்கு வைர ஆந்தை வருவதற்கு ஒரே ஒரு தடை. அந்தப் பங்குனிப் பௌர்ணமியின் நாலாவது யூனிட் இன்னும் சிவப்பாகவே நிற்கிறது. திறந்தவர் கணக்கிலிருந்துதான் மூட முடியுமாம். உங்கள் கணக்கை ஒரு மணி நேரத்துக்கு உயிர்ப்பித்துத் தருகிறோம், ஒரே ஒரு கிளிக், அதுதான் வகுப்பை நீங்கள் எடுத்துவிட்டீர்களே, ஊருக்கே தெரியுமே என்று குழைந்திருக்கிறார். வினோதினியின் வேலையைப் பறித்த அதே வாய்.

நான் சிந்துஜாவோடு உரக்கடை மாடிக்குப் போய் அவரை முதன்முதலாகப் பார்த்த அன்று இதைச் சொன்னார். நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன பதில் சொன்னீர்கள் என்று சிந்துஜாதான் கேட்டாள். வினோதினி ஸ்டூலைத் துடைத்து, ஓட்டைக்கு நேராகப் போனை வைத்துக்கொண்டே சொன்னார்.

"எடுத்தது நெசம்தான் சார், ஆனா ரோட்டுல எடுத்தேன். உங்க காலேஜ்ல அந்தக் கிளாஸ் நடக்கல. நடந்துச்சுனு எப்படி அழுத்தறதுனு கேட்டேன். போன வெச்சிட்டாரு."

பிறகு எங்களை நகர்ந்து உட்காரச் சொன்னார். தாளின் மேல் எங்கள் நிழல் விழுந்துகொண்டிருந்தது.